ரேஸ் பார்க்கப் பிடிக்குது, மனசும் உறுத்துது: சேலம் ஆளுங்க என்ன சொல்றீங்க?

அஞ்சுரோட்டுக்காரன் | சனி, இரவு 9:40

வணக்கம் மக்களே. கேபிள் டிவி வந்த காலத்துல இருந்து பார்முலா ஒன் பார்க்கிறவன் நான். ஐரோப்பாவுல ரேஸ்னா நமக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. அந்த நேரத்துல எங்க வீட்டுல வேற சேனல் ஓடாது. இவ்வளவு பிடிச்ச விளையாட்டைப் பத்தியே மனசுக்குள்ள ஒரு இழுபறி. அதை இங்க கொட்டிடலாம்னு வந்தேன்.

1994 ஏப்ரல் 30, இத்தாலில இமோலா. தகுதிச் சுற்றுல ரோலண்ட் ராட்சன்பெர்கர்னு ஒரு ஆஸ்திரிய ஓட்டுநர் இறந்துட்டார். மறுநாள் ரேஸ்ல பிரேசில்காரர் அயர்டன் சென்னாவும் மோதி இறந்துட்டார். சென்னாவோட காருக்குள்ள ஒரு ஆஸ்திரியக் கொடி இருந்துச்சு. ஜெயிச்சா ராட்சன்பெர்கர் நினைவா அதைக் காட்டலாம்னு வெச்சிருந்தாராம். சென்னாவை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போனப்புறம் ரேஸை மறுபடி ஆரம்பிச்சு, முடிச்சு, கோப்பையும் குடுத்தாங்க.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். ரோமன் குரோஷான் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்துல இரும்புத் தடுப்புல மோதி ரெண்டாப் பிளந்து தீப்பிடிச்சுது. அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் தீக்குள்ள இருந்துட்டு, கை வெந்துபோய் எந்திரிச்சு வந்தார். அன்னிக்கு ஜெயிச்சது யாருன்னு ரேஸ் பார்க்கிறவங்ககிட்டக் கேளுங்க, பாதிப் பேர் யோசிப்பாங்க. தீயை யாரும் மறக்கல. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவன்ல நானும் ஒருத்தன். பிழைச்சுட்டார்னு தெரிஞ்சும் எதுக்குப் பார்க்கறேன்? வேகமும் திறமையும் பிடிச்சுத்தான் பார்க்கறேன்னு சொல்றேனே, அது முழு உண்மையா?

இன்னொன்னு காசு. 2021ல தான் ஒரு அணி வருஷத்துக்கு 145 மில்லியன் டாலருக்கு மேல செலவு பண்ணக்கூடாதுன்னு வரம்பு கொண்டு வந்தாங்க. நம்ம ரூபாய்க்கு ஆயிரம் கோடிக்கு மேல. அது வரம்பு! அதுல ஓட்டுநர் சம்பளம் சேர்த்தி இல்ல.

எனக்கு இதை விடவும் மனசில்ல, கண்ணை மூடிக்கிட்டுக் கொண்டாடவும் முடியல. நீங்க எப்படி?

ஹேர்பின்20 | சனி, இரவு 10:05

அண்ணா, நேராவே சொல்லிடறேன். எனக்கு அந்த உறுத்தல் அவ்வளவா இல்ல. ஓட்டுறவங்க எல்லாம் வெவரம் தெரிஞ்சவங்க. என்ன ஆகலாம்னு நம்மள விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளி உக்கார வைக்கல.

நிக்கி லாடாவைப் பாருங்க. 1976 ஆகஸ்ட் 1, நூர்பர்க்ரிங்ல கார் எரிஞ்சு, ஆஸ்பத்திரில பாதிரியார் வந்து கடைசி ஜெபம் பண்ற அளவுக்குப் போனவர். ஆறே வாரத்துல மோன்சாவுல வந்து ஓட்டி நாலாவதா முடிச்சார். அதே மனுஷன் அந்த வருஷக் கடைசி ரேஸ்ல, ஜப்பான்ல கொட்டற மழையில, இது ஓட்டுற நிலைமை இல்லைன்னு காரை நிறுத்திட்டு இறங்கிட்டார். ஒரே ஒரு புள்ளியில சாம்பியன் பட்டம் போச்சு. ஓட்டினதும் அவர் முடிவு, நிறுத்தினதும் அவர் முடிவு. இதுல உக்கார்ந்து பார்க்கிற நாம குற்றவாளி ஆகறது எப்படி?

பாதுகாப்பும் சும்மா வரல. சென்னாவுக்கு அப்புறம் பார்முலா ஒன் ரேஸ்ல அடிபட்டு இறந்த ஓட்டுநர் ஜூல் பியாங்கி ஒருத்தர்தான். 2014 சுசூகாவுல அடிபட்டு, 2015 ஜூலைல இறந்தார். 2018ல தலைக்கு மேல ஹாலோ வளையம் வந்துச்சு. பார்க்க அசிங்கமா இருக்குன்னு எத்தனை பேர் திட்டினாங்க! குரோஷான் தலையைக் காப்பாத்தினது அதுதான்.

ஸ்பேனர் | சனி, இரவு 10:50

கொண்டலாம்பட்டி பக்கம் கார் பட்டறை வெச்சிருக்கேன். நான் ரேஸ் பார்க்கிறது ஆளுக்காக இல்ல, வண்டிக்காக.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா ஏற்காட்டுல இருந்து இறங்கி வர்ற வெளியூர்க் கார் ஒன்னாவது என் பட்டறைக்கு வந்துரும். "பெடல் உள்ள போகுதுண்ணே, பிரேக் பிடிக்க மாட்டேங்குது"ம்பாங்க. சக்கரத்தைக் கழட்டினா டிஸ்க் நீலம் பூத்துக் கெடக்கும். பேட் மேல் முகம் கருகி வழவழன்னு ஆகியிருக்கும், விரலை வெச்சாலே வழுக்கும். கிட்டப் போனா கருகின ரெசின் வாடை. இருபது கொண்டை ஊசி வளைவையும் ரெண்டாவது கியர்ல இறக்காம, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்திருப்பாங்க. அதே சமயம் ரேஸ் காரோட கார்பன் டிஸ்க் ஆயிரம் டிகிரிக்குப் போய்ச் செக்கச்செவேல்னு எரியுது, அடுத்த வளைவுல மறுபடி அதே பிடி பிடிக்குது. இதைப் பார்த்து மலைக்காம எப்படி இருக்கறது?

டிஸ்க் பிரேக்கை உலகம் நம்புனதே 1953ல பிரான்ஸ்ல லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல ஜாகுவார் அதைப் போட்டு ஜெயிச்சப்புறம்தான். பின்னாடி பார்க்கிற கண்ணாடியை 1911ல இண்டியானாபொலிஸ் பந்தயத்துல ரே ஹரூன் மாட்டிட்டு வந்தார். சீட் பெல்ட்டும் அங்க இருந்து வந்ததுதான். அவங்க போட்ட காசும் உயிரும் நம்ம வீட்டு வண்டில வந்து சேருது. அதை வீண் செலவுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

செவ்வாய்ப்பேட்டை ஆசிரியர் | ஞாயிறு, காலை 6:30

ஸ்பேனர் தம்பிக்கு ஒரு விவரம். இன்று நம் கார்களில் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட் பந்தயத்தில் பிறந்ததில்லை. வால்வோ நிறுவனத்தில் நீல்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்து 1959இல் வெளிவந்தது. அவர் அதற்கு முன்பு சாப் நிறுவனத்தில், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. உலகத்தில் மிக அதிக உயிர்களைக் காத்த கார் பாகம் அது என்றே நினைக்கிறேன். அதற்கு யாரும் பந்தயத்தில் சாக வேண்டியிருக்கவில்லை.

ஹேர்பின் தம்பி ஓட்டுநரின் சம்மதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1955 ஜூன் 11, அதே லெ மான்ஸ். பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் முன்னால் போன காரில் ஏறி எகிறிச் சிதறியது. இன்ஜினும் முன்பாகமும் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தன. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவர்கள். கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பினால் ஆம்புலன்ஸ் போகும் வழி அடைபடும் என்று பந்தயத்தை நிறுத்தவில்லை. மறுநாள் மாலை வரை ஓடி முடித்தார்கள். மெர்சிடிஸ் அணி அன்று இரவே தன் கார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்து தன் நாட்டில் வட்டப்பாதைப் பந்தயத்தையே தடை செய்தது.

ஓட்டுபவன் சம்மதித்தான், சரி. வேடிக்கை பார்க்க வந்த குழந்தை எதற்குச் சம்மதித்தது?

ஹேர்பின்20 | ஞாயிறு, காலை 7:20

சார், அது 1955. இப்ப வேலி, ஓடுபாதைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல இடைவெளி, சரளைப் பள்ளம் எல்லாம் இருக்கு. எழுபது வருஷத்துக்கு முந்தின விபத்தை வெச்சு இப்ப நடக்கிறதைத் தீர்ப்பு சொல்றது நியாயமா?

இரவுப்பணி | ஞாயிறு, காலை 8:15

டூட்டி முடிச்சுட்டு வந்து படிக்கிறேன். சேலத்துல விபத்துப் பிரிவுல நர்ஸா இருக்கேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம்.

ரேஸ் ட்ராக்ல அடிபட்டவங்க யாரும் எங்ககிட்ட வந்ததில்ல. எங்ககிட்ட வர்றது ரோட்டுல அடிபட்டவங்கதான். 2022ல மட்டும் நம்ம நாட்டுல ரோடு விபத்துல 1,68,491 பேர் செத்திருக்காங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுல 64,105 விபத்து, நாட்டுலயே அதிகம். அதனால பார்முலா ஒன்ல முப்பது வருஷத்துல எத்தனை பேர்னு கணக்குப் பார்க்கிறப்போ எனக்கு அது பெருசாத் தெரியறதில்ல.

என் பயம் வேற. ஞாயித்துக்கிழமை விடிகாலைல ஏற்காட்டு ரோட்டுல வண்டியை மடக்கி மடக்கி ஓட்டி, அதை வீடியோ எடுத்துப் போடறானுங்களே, அந்தப் பசங்க. பத்தொம்பது, இருவது வயசு. முழங்கால்ல பேட், கைல கிளவுஸ் எல்லாம் போட்டிருப்பான். ஹெல்மெட் மட்டும் தனியா வரும். கூட வந்தவன் கைல தூக்கிட்டு வருவான். வாங்கிப் பார்த்தா ஒரு கீறல் இருக்காது, தாடைப் பட்டை கொக்கி மாட்டாம தொங்கும். மோதின உடனே தலையை விட்டுக் கழண்டு போயிருக்கும். போன் திரையில அந்த ரேஸ் வால்பேப்பர் இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும், அம்மான்னு பேர் வந்து அடிச்சுக்கிட்டே இருக்கும். அதை எடுத்துப் பேசறது எங்க வேலை.

முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சைன்னு 2021 டிசம்பர்ல இருந்து அரசுத் திட்டம் இருக்கு, புண்ணியம். ஆனா தலைல அடிபட்டவனுக்கு அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள மலை இறங்கி வரணுமே.

டிவில ரேஸ் பார்க்கிறது தப்புன்னு நான் சொல்லல. பார்க்கிற பசங்களுக்கு ஹீரோ வேகமா போனது மட்டும் கண்ணுல படுது. அவரைச் சுத்தி நிக்கிற டாக்டர், தீயணைக்கிற ஆள், கழுத்தைப் பிடிக்கிற பட்டை, இதெல்லாம் படறதில்ல.

ஹேர்பின்20 | ஞாயிறு, காலை 9:00

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா இதுக்கு நான் வேற பக்கம் பார்க்கறேன். அந்தப் பசங்களுக்கு ஓட்ட இடம் வேணும். கோயம்புத்தூர்ல செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கு. சேலத்துல என்ன இருக்கு? ஒரு சின்ன ட்ராக்காவது இருந்தா மலை ரோட்டுக்கு ஏன் போகப் போறானுங்க? வெளிநாட்டுல மலை ரோட்டையே அடைச்சு மலையேறும் பந்தயம் நடத்தறாங்க. ஏற்காட்டுல வருஷத்துக்கு ஒரு நாள், போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் வெச்சு முறையா நடத்தினா?

நாகலூர் தோட்டம் | ஞாயிறு, காலை 11:30

வேண்டாம் தம்பி. மேல குடியிருக்கிறவன் சொல்றேன், கேளுங்க.

எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரின்னா சேலம்தான். ரோடு ரெண்டு, ஒன்னு அடிவாரம் வழி, இன்னொன்னு குப்பனூர் வழி. கோடை விழா நேரத்துல அடிவாரம் ரோடு எப்படி நகர மறுக்கும்னு உங்களுக்கே தெரியும். அதை ஒரு நாள் முழுக்க அடைச்சா, பிரசவ வலி வந்த பொண்ணு எந்த வழியா இறங்கும்? காபிக் கொட்டை ஏத்தின லாரி எங்க நிக்கும்? 2024 ஏப்ரல் கடைசியில அந்த ரோட்டுல ஒரு பஸ் கவிழ்ந்து உயிர் போச்சு. அப்ப மேல இருந்து கீழ வரைக்கும் எப்படிக் கெடந்துச்சுன்னு நாங்க பார்த்தோம். காட்டெருமை வேற, எந்த வளைவுல நிக்கும்னு எங்களுக்கே தெரியாது.

கூட்டத்தை எங்க நிறுத்துவீங்க? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நம்ம ஆளுங்க வளைவோட வெளிப்பக்கம்தான் போய் நிப்பாங்க, அங்கதான் நல்லாத் தெரியும். வண்டி வழுக்கினா வர்றதும் அங்கதான். 1957ல இத்தாலில மில்லே மில்யா பந்தயம் ஊர் நடுவுல, பொது ரோட்டுல நடந்துச்சு. ஒரு பெராரி டயர் வெடிச்சு ரோட்டோரம் நின்ன ஒன்பது பேரைக் கொன்னுச்சு, அஞ்சு பேர் குழந்தைங்க. அதோட அந்தப் பந்தயமே முடிஞ்சுது. 1986ல போர்ச்சுகல் ராலில கூட்டத்துக்குள்ள கார் பூந்து பார்த்துக்கிட்டு இருந்தவங்க செத்தாங்க. அங்க ஜனங்க ரோட்டு நடுவுல நின்னு, கார் வர்றப்போ விலகிக்கிட்டு இருந்தாங்க. கார் கிட்டப் போறப்போ தொட்டுப் பார்க்கறது ஒரு வீரமாம்.

டிவில நானும் ராலி பார்ப்பேன். கல்லும் மண்ணும் தெறிக்க மலை ரோட்டுல அவன் ஓட்டறதைப் பார்த்தா, தினம் அந்த மாதிரி ரோட்டுலயே ஓட்டறவனுக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியும். ஆனா என் வீட்டு வாசல்ல வேண்டாம்.

ஆத்தூர் காளை | ஞாயிறு, மதியம் 1:10

நான் ஒன்னு கேக்கறேன். கூலமேட்டுல ஜல்லிக்கட்டு நடக்குது. 2014ல உச்ச நீதிமன்றம் தடை போட்டப்போ நாம எல்லாரும் கொதிச்சோம். 2017 ஜனவரில ரோட்டுல உக்கார்ந்தோம். 2023 மே மாசம் அரசியல் சாசன அமர்வு நம்ம சட்டம் செல்லும்னுச்சு, வெடி வெடிச்சோம். அதுலயும் உயிர் போகுது. உயிர் போற விளையாட்டை வேடிக்கை பார்க்கிறது தப்புன்னா அதையும் சேர்த்துச் சொல்லுங்க. வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கு ஒரு நியாயம், நம்ம ஆட்டத்துக்கு ஒரு நியாயம்னு இருக்கக் கூடாது.

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 4:45

சரியான கேள்விதான் அண்ணா. எனக்கு ரெண்டுக்கும் ஒரே நியாயம். பொங்கல் முடிஞ்ச வாரத்துல மாடு முட்டி வர்றவங்கள்ல மாடு பிடிக்க இறங்கினவன் மட்டும் வர்றதில்ல. தடுப்புக்கு வெளிய நின்னவன், மாடு வெளியேறுற இடத்துல நின்னவன், திண்ணையில உக்கார்ந்திருந்த பெரியவர் எல்லாம் வர்றாங்க. பிடிக்கிறவனுக்கு மருத்துவப் பரிசோதனை, பேர்ப் பதிவு, பனியன், எல்லாம் இருக்கு. வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒன்னும் இல்ல. ஆசிரியர் ஐயா கேட்டதும் அதைத்தான்.

அஞ்சுரோட்டுக்காரன் | ஞாயிறு, மாலை 5:30

இந்தப் பேச்சுல இன்னும் யாரும் தொடாத ஒரு கூட்டம் இருக்கு. மார்ஷலுங்க. கொடி காட்டறவங்க, உடைஞ்ச காரை நகர்த்தறவங்க, தீயை அணைக்க ஓடறவங்க. உலகம் பூராவும் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது.

1977, தென்னாப்பிரிக்கா, கையாலாமி. ஓரமா நின்ன ஒரு கார்ல சின்னத் தீ. அதை அணைக்கத் தீயணைப்பான் உருளையைத் தூக்கிட்டு 19 வயசுப் பையன் ஒருத்தன் ஓடுபாதையைக் குறுக்கே கடந்தான். மேட்டைத் தாண்டி வந்த டாம் பிரைஸோட கார் அவன் மேல மோதுச்சு. உருளை பிரைஸ் தலைல அடிச்சு அவரும் அங்கயே போய்ட்டார். பிரைஸ் பேர் எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். அந்தப் பையனைப் பத்தித் தேடித்தான் படிக்க வேண்டியிருந்துச்சு.

2000ல மோன்சா, 2001ல மெல்போர்ன், ரெண்டு இடத்துலயும் காருல இருந்து பிச்சுக்கிட்டு வந்த சக்கரம் ஒரு மார்ஷலைக் கொன்னுச்சு. 2013ல கனடாவுல ரேஸ் முடிஞ்சப்புறம், பழுதான காரை எடுத்துட்டு வந்த வண்டியில ஒருத்தர் மாட்டி இறந்தார். ஹேர்பின் தம்பி சொன்ன "பியாங்கி ஒருத்தர்தான்"ங்கிற கணக்குல இவங்க யாரும் வரல. கோடிக்கணக்குல புரள்ற ஒரு ஆட்டத்துல, காசு வாங்காம நிக்கிறவன் உயிரை விடறான். ஓட்டுநர் இறந்தா வர்ற துக்கத்தை விட இது எனக்குக் கனமா இருக்கு.

மஞ்சக்கொடி | ஞாயிறு, இரவு 8:20

இதுக்கு எழுதத்தான் இங்க புதுசா கணக்கே ஆரம்பிச்சேன். வேலை பார்க்கிறது சென்னை, சொந்த ஊர் அம்மாப்பேட்டை. இருங்காட்டுக்கோட்டைல மார்ஷலா நின்னிருக்கேன்.

பக்கத்துல நின்னாத்தான் ரேஸ் என்னன்னு தெரியும். வெயில்ல தார் கொதிக்கும். டயர்ல இருந்து பிஞ்ச ரப்பர் சின்னச் சின்ன உருண்டையா வளைவோட வெளி ஓரத்துல குவிஞ்சு கெடக்கும், நம்ம ஷூ அடியிலயும் ஒட்டிக்கும். முதல்ல சொல்லித் தர்றது, வண்டி வர்ற திசைக்கு முதுகைக் காட்டாதே. குனிஞ்சு உடைஞ்ச துண்டைப் பொறுக்கறவனுக்குக் கூட ஒருத்தன் நின்னு எதிர்ல பார்த்துக்கிட்டே இருக்கணும், விசில் அவன் வாயிலயே இருக்கும். மஞ்சக்கொடி ஒன்னு ஆட்டினா வேகத்தைக் குறை, முந்தாதே. ரெண்டு கொடி சேர்த்து ஆட்டினா, நிக்கவும் தயாரா வா, ஓடுபாதையில ஆள் இருக்கலாம். கொடியை ஆட்டறப்போ கை நடுங்கும், அது பயம் மட்டும் இல்ல. நம்ம கொடியைப் பார்த்து அத்தனை வேகத்துல வர்ற ஒருத்தன் அடங்கறான் இல்ல, அந்தப் பெருமையும் இருக்கு.

2023 எங்களுக்கு மோசமான வருஷம். ஜனவரி 8ஆம் தேதி கே.ஈ. குமார் அங்கதான் ரேஸ்ல இறந்தார், 59 வயசு. எல்லாருக்கும் பிடிச்ச, மூத்த ஓட்டுநர். ஆகஸ்ட் 5ஆம் தேதி பைக் ரேஸ்ல பெங்களூருப் பையன் ஒருத்தன். 13 வயசு. அந்த வார மிச்ச ரேஸ் எல்லாத்தையும் ரத்து பண்ணினாங்க.

குமார் சார் விஷயத்துல என் மனசு அழுதுச்சு, ஆனா சமாதானம் ஆச்சு. வாழ்நாள் பூரா அவர் விரும்பிச் செஞ்சது. அந்தப் பையன் விஷயத்துல இன்னிக்கும் சமாதானம் ஆகல.

செவ்வாய்ப்பேட்டை ஆசிரியர் | ஞாயிறு, இரவு 9:10

மஞ்சக்கொடி தம்பி எழுதியதைப் படித்த பிறகு காசைப் பற்றிப் பேசச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் நடத்துவதாக இருந்து, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. நாற்பது கோடிக்கு மேல் அரசுப் பணம் செலவானதாக உயர் நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. வெள்ளம் வடிந்த ஊரில் அது முதல் தேவையா?

நம் மாவட்டத்தைப் பாருங்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் பழகி இந்திய அணிக்குப் போனார், பிறகு தன் ஊரிலேயே பிள்ளைகளுக்கு மைதானம் அமைத்தார். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையும் இந்த விளையாட்டுகளில் மேலே வரலாம். கார் பந்தயத்தில் வர முடியுமா?

ஹேர்பின்20 | ஞாயிறு, இரவு 9:45

முடியாது சார், இதுல உங்களோட ஒத்துப்போறேன். நரேன் கார்த்திகேயன் 2005ல பார்முலா ஒன்ல இறங்கினார், நம்ம நாட்டுல இருந்து முதல் ஆள், பக்கத்துக் கோயம்புத்தூர். அவருக்கே ஸ்பான்சர் தேடி அலையற நிலைமைதான். அஜித் மாதிரி சம்பாதிச்சு வெச்சிருக்கிறவர் தன் காசைப் போட்டு ஓட்டறார். 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸுக்கு முன்னாடி பயிற்சியில கார் நொறுங்கியும், அவங்க அணி தன் பிரிவுல மூணாவது வந்துச்சு. அன்னிக்கு எங்க தெருவே கத்துச்சு.

ஆனா சென்னை ரேஸ் வந்ததால தான், சாதாரண ஆளு பஸ் ஏறிப் போய் ரேஸ் பார்க்க முடிஞ்சுது. டெல்லிப் பக்கம் புத் சர்க்யூட்டுல தனியார் காசைக் கொட்டினாங்க. 2011ல இருந்து 2013 வரைக்கும் மூணே ரேஸ். இது விளையாட்டு இல்ல, கேளிக்கைன்னு வரி கேட்டாங்க, அதோட பார்முலா ஒன் போயே போச்சு.

ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 10:15

தனியார் காசு போட்டு நடத்தட்டும், அரசாங்கக் காசு வேண்டாம். ஆசிரியர் ஐயா, இதுல நான் உங்க பக்கம்.

ஓமலூர் அம்மா | திங்கள், காலை 10:20

புதுசா எழுதறேன். மஞ்சக்கொடி தம்பி எழுதின அந்த 13 வயசுல கையெல்லாம் நடுங்கிருச்சு. என் மகனுக்கு 12. பைக் ரேஸ் பயிற்சியில சேர்க்கச் சொல்லி ஒத்தக்கால்ல நிக்கிறான். அவங்கப்பா சரிங்கிறார். ரோட்டுல ஓட்டறதுக்கு ட்ராக்ல ஓட்டட்டும்கிறார். எனக்கு ரெண்டும் பயமா இருக்கு. உள்ள விவரம் தெரிஞ்சவங்க என்ன சொல்றீங்க?

அஞ்சுரோட்டுக்காரன் | திங்கள், மாலை 6:00

அம்மா, என் கருத்தைச் சொல்றேன், முடிவு உங்களோடது. 2021ல ஒரே வருஷத்துல 14, 15, 19 வயசுல மூணு பசங்க ஐரோப்பாவுல பைக் ரேஸ்ல இறந்தாங்க. மூணு பேர் விபத்துலயும் விழுந்தவன் மேல பின்னாடி வந்த வண்டி மோதினதுதான் காரணம். கூட்டமா, நெருக்கமா, ஒரே வேகத்துல போற சின்ன வண்டிங்க. அந்த வருஷக் கடைசியிலயே உலகச் சாம்பியன்ஷிப்புக்கு 2023ல இருந்து 18 வயசு ஆகணும்னு அறிவிச்சாங்க, சின்னப் பசங்க ரேஸ்ல ஒரே நேரத்துல ஓடுற வண்டி எண்ணிக்கையையும் குறைச்சாங்க.

ஓட்டுறவனோட சம்மதம்னு பேசினோம். 13 வயசுப் பையனோட சம்மதத்தை நான் ஏத்துக்க மாட்டேன். பெரியவங்க ஓட்டுறதை நான் தொடர்ந்து பார்ப்பேன். அந்தப் பரவசத்தை என்னால விட முடியாது, விடணும்னும் தோணல. ஆனா மீசை முளைக்காத பசங்களைக் கூட்டமா விட்டு ஓட்ட வைக்கிற ரேஸுக்கு டிக்கெட் எடுக்கறதில்ல, அந்த வீடியோவையும் திறக்கறதில்ல. தீப்பிடிச்ச, உருண்ட காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிப் போடற சேனல் எல்லாத்தையும் நேத்து ராத்திரியே நீக்கிட்டேன்.

ஸ்பேனர் | திங்கள், இரவு 8:30

அண்ணே, இதுல நான் ஒத்துப்போகல. ஸ்பெயின்லயும் இத்தாலிலயும் ஆறு, ஏழு வயசுலயே சின்ன வண்டில உக்கார்ந்துடறான். நம்ம பையன் 18ல ஆரம்பிச்சா எப்பப் போய்ப் பிடிக்கறது? பயிற்சி வேணும், ஆனா கூட்டமா ரேஸ் விடறதைத் தள்ளிப் போடலாம். தனித்தனியா நேரம் பார்த்து ஓட விடட்டும்.

மஞ்சக்கொடி | திங்கள், இரவு 9:15

அம்மா, சேர்க்கறதுக்கு முன்னாடி அங்க போய் ஒரு நாள் முழுக்க உக்கார்ந்து பாருங்க. பயிற்சி நேரத்துல ஆம்புலன்ஸ் நிக்குதா, டாக்டர் இருக்காரா, இல்ல டிரைவர் மட்டுமான்னு கேளுங்க. ஆம்புலன்ஸ் ஒருத்தரை ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா மத்த வண்டியை நிறுத்தறாங்களான்னு கேளுங்க. மாத்து ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எந்த வண்டியும் ஓடக் கூடாது. அதுக்கு மழுப்பலா பதில் வந்தா மகனைக் கூட்டிட்டுத் திரும்பிடுங்க. ஒவ்வொரு வளைவுலயும் மார்ஷல் நிக்கிறாரான்னும் எண்ணிப் பாருங்க.

ஓமலூர் அம்மா | திங்கள், இரவு 9:50

ரொம்ப நன்றி தம்பி. இந்த வாரமே போய்ப் பார்க்கறோம். ஹெல்மெட்டு அவங்களே குடுப்பாங்களாம். அது போதுமா?

ஸ்பேனர் | திங்கள், இரவு 10:10

போதாதுங்கம்மா. பொது ஹெல்மெட்டு பத்துத் தலை மாறி உள்பஞ்சு தளர்ந்து போயிருக்கும். சொந்தமா வாங்குங்க, பையனைக் கையோட கூட்டிட்டுப் போங்க, அளவு எழுதிக் குடுத்து வாங்கியாரச் சொல்லாதீங்க. வளர்ற பையன்னு ஒரு அளவு பெருசா எடுத்துடாதீங்க. மாட்டினா கன்னம் ரெண்டும் உள்ள அமுங்கணும். தாடைப் பட்டையை இறுக்கிட்டு, பின்மண்டைக்குக் கீழ ஹெல்மெட்டோட விளிம்பைப் பிடிச்சு முன்னாடி உருட்டித் தள்ளிப் பாருங்க. கொஞ்சம் பலமாவே தள்ளுங்க. கழண்டு வந்துச்சுன்னா, கடைக்காரர் என்ன சொன்னாலும் அது வேண்டாம்.